கிணற்றைப் பார்த்தவர்கள் வீட்டை எண்ணவில்லை: வன்னி நகரமொன்றின் பொதுச் சுகாதார மேற்பார்வைச் சேவை பற்றிய மதிப்பீடு

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்றதும் எங்கள் பக்கத்தில் பலருக்கு நினைவுக்கு வருவது சாப்பாட்டுக் கடைக் குசினியும் நீதவான் நீதிமன்றத் தண்டப்பணமும்தான். குடிநீர்க் கிணறு, மலசலகூடம், வாடகை வீடு, தொற்றுநோய் வந்த வீடு ஆகியவையும் அதே உத்தியோகத்தரின் பொறுப்பில் உள்ளன என்பதும், வாடகைக்கு இருப்பவர்கூட அச்சேவையைக் கேட்டுப் பெறலாம் என்பதும் பரவலாகத் தெரியாதிருக்கின்றன. வன்னியின் நகரமொன்றில், பல குடும்பங்கள் ஒரே வளவுக்குள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் வசிப்பவள் என்ற முறையில், அந்தச் சேவையைக் கேட்டுப் பெற்ற அனுபவத்தை வைத்து இதனை எழுதுகிறேன். நகரத்தின் பெயரையும் அலுவலகத்தின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். இங்கே சொல்லப்படும் குறைகளில் பெரும்பாலானவை ஓர் அலுவலகத்துக்கு மட்டும் உரியவையல்ல.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். களத்துக்கு வந்த உத்தியோகத்தரின் வேலைக்கு நாலரை கொடுக்கலாம். அவர் கொண்டுசென்ற தண்ணீர் மாதிரி அலுவலகத்துக்குள் நுழைந்த பிறகு நடந்தவற்றுக்கு ஒன்றரைக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. இந்த இடைவெளி ஏன் என்பதே இந்த மதிப்பீட்டின் பெரும்பகுதி.

முதலில் வளவைச் சொல்ல வேண்டும். எங்களது இருபது பேர்ச் காணி. முன்பு ஒரு குடும்பத்துக்கெனக் கட்டிய வீடு. பின்பக்கமாகத் தகரக் கூரையுடன் வரிசையாக அறைகள் சேர்க்கப்பட்டு, உயர்தர ரியூசனுக்காகக் கிராமங்களிலிருந்து வந்த பிள்ளைகளும், ஆடைத்தொழிற்சாலைக்குப் போகும் பெண்களும், வேறு மாவட்டங்களிலிருந்து மாற்றலாகி வந்த உத்தியோகத்தர்களும் அவற்றில் இருக்கிறார்கள். கிணறு முன்பக்க மூலையில். மலசலகூடக் குழி பின்பக்கத்தில். இருபது பேர்ச் என்பது ஏறத்தாழ 506 சதுர மீற்றர். காணி சரிசதுரமாக இருந்தால் ஒரு பக்கம் இருபத்திரண்டரை மீற்றர்தான். மனிதாபிமான உதவிப் பணிகளுக்கு உலகளவில் பின்பற்றப்படும் ஸ்பியர் நியமங்கள், நிலத்தடி நீர் எடுக்கும் இடத்துக்கும் மலக்குழிக்கும் இடையில் குறைந்தது 30 மீற்றர் இருக்க வேண்டும் என்கின்றன. அப்படியானால் எங்கள் வளவில் கிணற்றை ஒரு மூலையிலும் குழியை அதற்குக் குறுக்கே நேரெதிர் மூலையிலும் வைத்தால்தான் அந்தத் தூரம் மட்டுமட்டாகக் கிடைக்கும். அப்போதும் மதிலுக்கு அப்பால் அயல் வீட்டுக் குழி எங்கள் கிணற்றுக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதை யாரும் அளப்பதில்லை.

அந்த நியமங்களை வன்னி மக்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2009 இல் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் போரால் இடம்பெயர்ந்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தபோது, ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் தண்ணீர், இருபது பேருக்கு ஒரு மலசலகூடம், ஒருவருக்கு மூன்றரைச் சதுர மீற்றர் இடம் என்ற கணக்குகளைத் தொண்டு நிறுவனப் பணியாளர்களின் வாயால் கேட்டோம். அந்த அளவுகள் பல வேளைகளில் எட்டப்படவில்லை. செங்கண்மாரி பரவியதையும் அங்கிருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஆனாலும் ஒருவர் எண்ணினார், எண்ணியதை எழுதினார், எட்டவில்லை என்பது எழுத்தில் தெரிந்தது. 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டது. இன்று நகரத்தில் பத்தடிக்குப் பத்தடி அறையொன்றில் நான்கு பேர் படுக்கிறார்கள். அது ஒருவருக்கு இரண்டேகாற் சதுர மீற்றரைச் சற்றே தாண்டும். முகாமுக்கு வகுத்த ஆகக்குறைந்த அளவிலும் குறைவான இடத்துக்கு மாதா மாதம் வாடகை கட்டுகிறோம் என்பதை எந்தப் படிவமும் பதிவுசெய்வதில்லை.

இனிச் சேவைக்கு வருகிறேன். வளவில் இரண்டு பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து வயிற்றோட்டம் வந்ததையடுத்து எழுத்தில் விண்ணப்பித்தேன். வாய்ப்பேச்சாகவும் சொல்லலாம்; ஆனால் திகதியிட்ட கடிதத்தைக் கொடுத்து, அதன் பிரதியில் அலுவலக முத்திரை பெற்றுக்கொண்டது பின்னால் மிகவும் உதவியது. பரிசோதகர் அதிக நாள் தாமதிக்காமல் வந்தார். வயதில் என்னிலும் இளையவர். செருப்பைக் கழற்றிவிட்டுக் கிணற்றுக் கட்டில் ஏறினார்.

மாதிரி எடுப்பதை ஒரு தடவையாவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கிருமியழித்த சிறு கண்ணாடிப் போத்தல், அதன் மூடியைச் சுற்றி வெள்ளித்தாள். போத்தலுக்குள் முன்கூட்டியே இடப்பட்டிருக்கும் சிறிதளவு இரசாயனம், நீரில் குளோரின் எஞ்சியிருந்தால் அதைச் செயலிழக்கச் செய்யும். இல்லாவிட்டால் ஆய்வுகூடத்துக்குப் போகும் வழியிலேயே குளோரின் கிருமிகளைக் கொன்று, கெட்ட கிணற்றுக்கும் நல்ல பெறுபேறு வந்துவிடும். கழுத்தில் நூலும் அடியில் பாரமும் கட்டிய போத்தலைக் கிணற்றுச் சுவரில் முட்டாமல் இறக்கி, மேல்மட்டத்தில் மிதக்கும் தூசிப் படையைத் தாண்டி அமிழ்த்தி, அடிச்சேறு கலங்காதபடி நிரப்பி மேலே எடுத்தார். மூடியின் உட்புறத்தில் விரல் படவில்லை. கொஞ்சத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போத்தலின் மேற்பகுதியில் காற்றுக்கு இடம் விட்டு மூடி, இலக்கமிட்டு, ஐஸ் போட்ட பெட்டிக்குள் வைத்தார். வளவுப் பிள்ளைகள் சுற்றி நின்று வாய் பார்த்தார்கள். அரச சேவையொன்று இவ்வளவு கவனமாகச் செய்யப்படுவதை நாங்கள் அடிக்கடி காண்பதில்லை என்பதால் இதை விரித்துச் சொல்கிறேன்.

எங்கள் வளவுக்குக் குழாய்நீர் இணைப்பும் ஒன்று உண்டு. மாரியில் கிணறு, கோடையில் குழாய் என்று கலந்து பாவிப்பதே இங்கே வழக்கம். வாசலில் மீற்றருக்குப் பக்கத்திலுள்ள குழாயைச் சற்று நேரம் ஓடவிட்டு, சிறு குப்பியில் பிடித்து, ஒரு குளிசையைப் போட்டுக் குலுக்கினார்; தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறியது. நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, எச்சக் குளோரின் போதுமான அளவில் இருக்கிறது என்றார். பாவனையாளரின் குழாயில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது எச்சக் குளோரின் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அத்தோடு அவர் பெட்டியை மூடப் போனார்.

"தம்பி, நாங்கள் குடிக்கிறது இந்தக் குழாயில இல்லை. பின்னுக்கு, தாங்கியில இருந்து வாற குழாயில. அதையும் ஒருக்காப் பாருங்கோவன்," என்று கேட்டேன். மறுக்காமல் வந்தார். பின்பக்கக் குழாயில் பிடித்த தண்ணீரில் நிறமே ஏறவில்லை என்று சொல்லிவிடலாம், அவ்வளவு மங்கல். கூரைத் தாங்கியின் மூடி உடைந்து கனகாலம், உள்ளே பாசி. நீர் வழங்கும் சபையின் பொறுப்பு மீற்றரோடு முடிகிறது. மீற்றருக்கு உள்ளே இருப்பது வீட்டுக்காரரின் சொத்து. அதிலிருந்து குடிப்பவர்களோ வாடகைக்காரர்கள். முன்குழாயின் பெறுபேற்றை மட்டும் எழுதிக்கொண்டு போயிருந்தால் எங்கள் வளவு தாளில் நல்ல வளவாகவே இருந்திருக்கும். நகரத்தில் எத்தனையோ வளவுகள் அப்படித்தான் இருக்கின்றன என்று நினைக்கிறேன். பரிசோதனைக்கு அழைப்பவர்கள் எந்தக் குழாயிலிருந்து குடிக்கிறீர்களோ அந்தக் குழாயைக் காட்டுங்கள். கேட்டால் பார்க்கிறார்கள், கேட்காவிட்டால் வாசலோடு போகிறார்கள்.

சோதனையின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். வழக்கமாக எடுக்கப்படும் மாதிரி நுண்ணுயிர்ச் சோதனைக்கே போகிறது. மலம் கலந்ததைக் காட்டும் ஈ. கோலை என்ற கிருமி 100 மில்லிலீற்றரில் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது தரம். ஆனால் வன்னியின் பெரும்பகுதியில் கிணற்று நீரின் பழைய தொல்லை கிருமி மட்டுமன்று. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் வன்மையும், பிள்ளைகளின் முன்பற்களில் காவிக் கறையாகத் தெரியும் புளோரைட்டும் நாடறிந்தவை. இலங்கைக் குடிநீருக்கான தரமாகிய எஸ்.எல்.எஸ். 614, புளோரைட்டுக்கு லீற்றருக்கு 1 மில்லிகிராமை எல்லையாக வைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு 1.5. வெப்பம் கூடிய உலர் வலயத்தில் ஆட்கள் அதிகம் தண்ணீர் குடிப்பதால் இறுக்கமான எல்லையே பொருத்தமானது. நெருக்கமான குடியிருப்பில் இதனோடு நைத்திரேற்றும் சேர்கிறது: மலக்குழியிலிருந்து கசியும் நைதரசன் நிலத்தடி நீரில் நைத்திரேற்றாகிறது, லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்பட்டால், போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் திறனை அது பாதிக்கும். பரிசோதகர் போகும்போது "கொதிக்க வைச்சு ஆறவிட்டுக் குடியுங்கோ அக்கா" என்று சொன்னார். கிருமிக்கு அது மிகச் சரியான அறிவுரை. புளோரைட்டையும் நைத்திரேற்றையும் கொதி அகற்றாது. நீர் ஆவியாகிப் போவதால் மிஞ்சுவதில் அவற்றின் செறிவு கூடவே செய்யும். கைக்குழந்தை உள்ள வளவுக்கு இந்த இரண்டாவது வாக்கியமும் சொல்லப்பட வேண்டும். இரசாயனச் சோதனை வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும் என்பதையும் நானாகத்தான் விசாரித்து அறிந்தேன்.

மாதிரி எடுக்கும் காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் கிணறு பார்க்கப்பட்டது ஆவணியில், தண்ணீர் அடியில் கிடந்தபோது. கார்த்திகை, மார்கழியில் இதே கிணற்றில் குனிந்து வாளியால் அள்ளலாம். அந்த நாட்களில் நிலத்தடி நீர்மட்டம் மலக்குழியின் அடியைத் தொட்டுவிடுகிறது. குழியின் அடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீற்றராவது மேலே இருக்க வேண்டும் என்ற விதி மாரியில் இங்கே எந்த வளவிலும் நிறைவேறாது. ஆவணியிலேயே கெட்டிருந்த கிணறு மார்கழியில் எப்படி இருக்கும் என்று கேட்டால் பதில் தெரிந்ததுதான். ஆவணியில் நன்றாக இருந்த கிணறுகளைப் பற்றித்தான் கவலை.

ஆம், எங்கள் கிணறு கெட்டிருந்தது. ஆனால் அதை அறிய எங்களுக்கு நெடுநாள் எடுத்தது. பெறுபேறு வீட்டுக்காரருக்கு அனுப்பப்பட்டிருந்தது. அவர் வேறு ஊரில் இருக்கிறார். அலுவலகத்தில் விசாரித்தபோது, "அது காணிச் சொந்தக்காரருக்குத்தான் குடுக்கிறது" என்றார் அங்கிருந்த இன்னோர் உத்தியோகத்தர். கடிதம் எழுதியவள் நான், தண்ணீர் குடிப்பவர்கள் நாங்கள், நோய்ப்பட்டவை எங்கள் பிள்ளைகள் என்பதெல்லாம் சொல்லியும் பயனில்லை. கடைசியில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொடுத்தேன். பதினான்கு வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் முடிவு சொல்ல வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. அதற்கு முன்னரே பிரதி கிடைத்துவிட்டது. ஒரு பக்கத் தாள். "குடிப்பதற்கு உகந்ததல்ல" என்ற ஒரே வரிதான் எங்களுக்குத் தேவைப்பட்டது. அந்த ஒரு வரியை வாங்குவதற்கு ஒரு சட்டத்தைத் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது என்பதற்காகவே அலுவலகப் பகுதியின் மதிப்பெண்ணை இவ்வளவு குறைத்தேன்.

ஆட்நெருக்கம் பற்றிய முறைப்பாட்டுக்கு நேர்ந்தது இதைவிட மோசம். அதே கடிதத்தில், இத்தனை அறை, இத்தனை பேர், ஒரே மலசலகூடம் என்று இரண்டாவது பந்தியில் எழுதியிருந்தேன். தண்ணீருக்கு ஒரு கோப்புத் திறந்தார்கள். இரண்டாவது பந்தி எந்தக் கோப்புக்கும் போகவில்லை. கேட்டபோது, கட்டட விடயம் உள்ளூராட்சி மன்றத்துக்குரியது என்றார்கள். மன்றத்தில் விசாரித்தால், அங்கீகரித்த வரைபடம் ஒரு குடும்பத்துக்கான வீடு, பின்னறைகள் பதிவில் இல்லை, ஆகவே அவற்றில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கேள்வி எழாது என்ற தொனியில் பதில் வந்தது. வாடகைக்காரர்களில் பலர் தங்கள் சொந்தக் கிராமத்திலேயே வாக்காளர்களாகப் பதிந்திருப்பதால் கிராம அலுவலரின் பதிவிலும் அவர்கள் இல்லை.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 1862ஆம் ஆண்டின் தொல்லைகள் கட்டளைச்சட்டமும், மனிதர் வசிக்கத் தகாத வீடுகள் பற்றிப் பேசும் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு நகர விருத்திக் கட்டளைச்சட்டமும் இன்றும் ஏட்டில் இருக்கின்றன. நாட்டின் முதலாவது சுகாதார அலகு 1926 இல் களுத்துறையில் தொடங்கப்பட்டபோதே, வீட்டையும் கிணற்றையும் மலசலகூடத்தையும் ஒரே களப்பணியாளர் தன் பிரிவுக்குள் சேர்த்துப் பார்ப்பதுதான் அந்த முறையின் உயிராக இருந்தது. நடைமுறையில் கூர்மையாகப் பாய்வது 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் ஒன்றுதான். டெங்குக் காலத்தில் எங்கள் வளவில் கவிழ்த்து வைக்காத சிரட்டைகளையும் பழைய ரயரையும் எண்ணி எழுதி, வீட்டுக்காரருக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். அந்தச் சிரட்டைகளுக்கு அருகிலிருந்த அறைகளில் எத்தனை பாய் விரிக்கப்படுகிறது என்று எட்டிப் பார்க்க அன்று யாருக்கும் படிவம் இருக்கவில்லை.

இங்கே உத்தியோகத்தர் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். நெருக்கமான வீட்டுக்கு எதிராக வழக்குப் போட்டு அறைகளை மூடினால், மறுநாள் தெருவில் நிற்பது வீட்டுக்காரர் அல்ல. அதனால்தான் எங்கள் வளவிலேயே இருவர், கடிதத்தில் தங்கள் பெயர் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அவர்களது பயம் நியாயமானது. நான் கேட்பது மூடுவதையன்று. கிணற்றுச் சோதனைப் படிவத்திலேயே, இந்தத் தண்ணீரைக் குடிப்போர் எத்தனை பேர், மலசலகூடம் எத்தனை, குழிக்கும் கிணற்றுக்கும் இடைத்தூரம் எவ்வளவு என்று மூன்று கூடுகள் இருந்தால், ஒரு குடும்பம் குடிக்கும் கிணற்றுக்கும் இருபது பேர் குடிக்கும் கிணற்றுக்கும் ஒரே அவசரம் காட்டப்படாது. செங்கண்மாரியோ நெருப்புக்காய்ச்சலோ வந்து வைத்தியசாலையிலிருந்து எச். 544 என்ற தொற்றுநோய் அறிவித்தல் படிவம் போன பின் பரிசோதகர் வீடு தேடி வருகிறார், வந்து எல்லாவற்றையும் விசாரிக்கிறார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நோய்க்குப் பின் கேட்கும் அதே கேள்விகளை நோய்க்கு முன் கேட்பதற்கு என்ன தடை என்பது எனக்கு விளங்கவில்லை. காசநோய், சிரங்கு, கொப்புளிப்பான் போன்றவை அறை நெருக்கத்தால் பரவுவதைக் குழாய்க்கு எவ்வளவு குளோரின் போட்டும் தடுக்க முடியாது.

ஆர்.ஓ. எனப்படும் சவ்வு வடிகட்டிகளால் சுத்திகரித்து விற்கும் தண்ணீர்க் கடைகளின் மேற்பார்வை பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அவற்றின் நீர் புளோரைட்டுக்கும் வன்மைக்கும் நல்ல தீர்வு. ஆனால் வடித்த நீரில் எச்சக் குளோரின் இராது. ஆகவே கழுவாத கானில் நிரப்பி வெயிலில் வைத்தால் கிருமி புகுந்ததும் தடுக்க ஒன்றுமில்லை. பரிசோதகர்கள் கடையைப் பார்க்கிறார்கள். எங்கள் வீட்டுக் கான்களின் உட்புறத்தை நாங்கள்தான் பார்க்க வேண்டும்.

பெறுபேற்றுப் பிரதியை வீட்டுக்காரருக்கு வட்ஸப்பில் அனுப்பியதன் பின்னர் கிணறு இறைத்துக் குளோரின் இடப்பட்டது. அதற்கும் அதே பரிசோதகரே வந்தார்: கிணற்றின் விட்டத்தையும் நீரின் ஆழத்தையும் நாடாவால் அளந்து, கன அளவு கணித்து, குளோரின் தூளை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்ததை மட்டும் ஊற்றி, இரவு முழுக்க யாரும் அள்ளக்கூடாது என்று சொல்லிப் போனார். தாங்கிக்கு மூடி வந்தது. மலக்குழி இருந்த இடத்திலேயே இருக்கிறது. இரண்டாவது மலசலகூடம் பற்றி வீட்டுக்காரர் யோசிப்பதாகச் சொல்கிறார்.

இச்சேவையைக் கேட்க நினைப்பவர்களுக்கு: விண்ணப்பத்தில் உங்கள் பெயருக்கும் பெறுபேற்றின் பிரதி தரப்பட வேண்டும் என்று முதல் நாளே எழுதுங்கள். இரசாயனச் சோதனை வேண்டுமா என்பதைத் தனியாகக் குறிப்பிட்டு, அதற்கான கட்டணத்தையும் கேட்டு வையுங்கள். மாரி மழை பெய்து கிணறு ஊறியபின் ஒரு மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், மாதிரி ஐஸில் இருந்தாலும் 24 மணித்தியாலங்களுக்குள் ஆய்வுகூடத்தைச் சேர வேண்டும், அங்கே கிருமி வளர்த்துப் பார்க்க மேலும் ஒன்றிரண்டு நாட்கள் தேவை, ஆகவே வார இறுதியை ஒட்டி மாதிரி எடுக்க அவர்கள் விரும்புவதில்லை. திங்கள் அல்லது செவ்வாய் காலை போனால் அந்த வாரத்துக்குள் வேலை நடக்க வாய்ப்பு அதிகம்.